படித்த பள்ளியிலேயே ஆசிரியத் தம்பதி: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் தமிழ், அவர் கணக்கு. இருவரும் அதே பள்ளியில் படித்தவர்கள். காதலித்ததும் அங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள், புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள், பிள்ளைகளின் பெற்றோர் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரை மட்டும் எழுதவில்லை, பிள்ளைகள் படிக்கும் இடம்.

இருவரும் ஒரே வகுப்பா? எப்படிப் பழக்கம்?

ஒரே வகுப்பு இல்லை. ஒரே வருடம், வேறு வேறு பிரிவு. தமிழ்ப் பாடம்தான் எங்களைச் சேர்த்தது.

எங்கள் ஊரில் தமிழ் விருப்பப் பாடம். எடுக்கும் பிள்ளைகள் குறைவு என்பதால், தமிழ் நேரம் வந்தால் எல்லாப் பிரிவிலிருந்தும் தமிழ் எடுத்தவர்கள் எழுந்து மாடிக் கோடியில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குப் போவோம். இந்தி எடுத்தவர்கள் வேறு அறைக்கு, உருது எடுத்தவர்கள் இன்னொரு அறைக்கு. அந்தச் சின்ன அறையில் பதினான்கு பேர் இருந்தோம். அவர் கடைசி பெஞ்சு, நான் முதல் பெஞ்சு.

நான் தமிழைத் தொடர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. மூன்றாம் ஃபாரம் (இப்போதைய ஒன்பதாம் வகுப்பு) முடியும்போது, மேலே என்ன பாடங்கள் படிக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது 1998 நவம்பர். எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி என்பதுதான் வழக்கமான வரிசை. அந்த மாதம் வந்த புது நோட்டுகளில் தமிழ் கீழே இறங்கியிருந்தது. தமிழர்கள் பெரிய அளவில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் அப்பாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாரம் என் படிவத்தை வாங்கி, தமிழ் என்ற இடத்தில் அவரே குறி போட்டார். அதனால்தான் நான் அந்த மாடி அறைக்குப் போனேன்.

சிவப்பு மைச் சீட்டுக் கதை உண்மையா?

உண்மை. பிள்ளைகள் வாய்க்கு வாய் அதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

ஐந்தாம் ஃபாரத்தில் (பதினோராம் வகுப்பு) அவர் எனக்கு ஒரு சீட்டு எழுதினார். பிரெஞ்சிலோ, எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலோ எழுதினால் வகுப்பே படித்துவிடும், தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் அதைக் கட்டுரை நோட்டில் வைத்து மறந்துவிட்டேன். அன்றைக்கே தமிழ் சர் நோட்டுகளைத் திருத்துவதற்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளியிலேயே தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோட்டு திரும்பி வந்தபோது, சீட்டு அதே பக்கத்தில், அதே மடிப்போடு இருந்தது. ‘உண்ணை எனக்கு ரொம்ப பிடிக்கும்’ என்று எழுதியிருந்தார் என் கணவர். ‘ண்ணை’யைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே ‘ன்னை’. ‘ரொம்ப’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘ப்’. வேறு ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரக் கடைசியில் எங்கள் இருவரையும் வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொன்னார். கதவைத் திறந்தே வைத்தார். ‘எஸ்.சி. பரீட்சை வருகிறது. அதற்குப் பிறகு எச்.எஸ்.சி. இருக்கிறது. இரண்டையும் முடியுங்கள். நாளைக்கு என்னைக் கோயிலில் பார்த்தால் இரண்டு பேரும் தலைநிமிர்ந்து வணக்கம் சொல்ல வேண்டும், அப்படி நடந்துகொள்ளுங்கள்’ என்றார். அவ்வளவுதான். ரெக்டரிடம் சொல்லவில்லை, வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. என் கணவரை மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து ஜன்னல் ஓரம் முன்னால் உட்கார வைத்தார். (ரெக்டர் என்றால் தலைமையாசிரியர். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எஸ்.சி. என்பது ஐந்தாம் ஃபாரம் முடிவில் எழுதும் பொதுத் தேர்வு, எச்.எஸ்.சி. அதற்கு இரண்டு வருடம் கழித்து எழுதுவது.)

அவர் வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா என்னைப் பள்ளியை விட்டே நிறுத்தியிருப்பார். நாங்கள் திரும்பி இங்கேயே வந்ததற்கு அந்த வட்டமும் அந்த ‘ப்’பும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பையனும் பெண்ணும் சேர்ந்து படிப்பது மொரீஷியஸில் சாதாரணமா?

முழுக்கச் சாதாரணம் என்று சொல்ல முடியாது. அரசு இடைநிலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. தனியார் நிர்வாகத்தில் அரசு மானியத்தோடு நடக்கும் கல்லூரிகளில் பல இருபாலரும் படிப்பவை. ‘கல்லூரி’ என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் பட்டப் படிப்பை நினைக்கிறார்கள். எங்களுக்கு ‘காலேஜ்’ என்றால் ஆறாம் வகுப்புக்கு மேலே, பதினொரு வயதுப் பிள்ளை வந்து சேரும் பள்ளி. 1977இலிருந்து இடைநிலைக் கல்வி எல்லாருக்கும் இலவசம், இந்த மானியக் கல்லூரிகளிலும் கட்டணம் கிடையாது. எங்களுடையது அப்படி ஒன்று.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் எப்படி வேலை கிடைத்தது?

இதைத்தான் இளம் ஆசிரியர்கள் அதிகம் கேட்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் அமைச்சகம் எங்கே போடுகிறதோ அங்கே போக வேண்டும், சில வருடத்தில் மாற்றலும் வரும். கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில், அதுவும் தாங்கள் படித்த பள்ளியில் நிலையாக இருப்பது அங்கே நடக்காத காரியம் என்றே சொல்லலாம். மானியக் கல்லூரியில் அப்படி இல்லை. ஆசிரியரை எடுப்பது அந்தக் கல்லூரி நிர்வாகம், சம்பளத்துக்கு மானியம் அரசிடமிருந்து வரும். ஒரு கல்லூரியில் சேர்ந்தால் அங்கேயே இருக்கலாம்.

எச்.எஸ்.சி. முடித்ததும் நான் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பி.ஏ. படித்தேன். அவர் ரெதுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கு படித்தார். இரண்டும் பக்கத்து ஊர்கள், அது எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அப்போது மாணவர்களுக்கு இலவசப் பேருந்து கிடையாது, அது 2005இல்தான் வந்தது. ஆகையால் பாதி நாள் அவர் பஸ் காசை மிச்சம் பிடித்து மோக்காவரை நடந்தே வருவார்.

அவர் 2007இல் இங்கே சேர்ந்தார். 2009இல் எங்கள் கல்யாணம். வாழையிலையில் ஏழு கறி போட்டோம், பழைய ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த வருடம் தமிழ் சர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு நான் விண்ணப்பித்தேன். நேர்காணல் குழுவில் இருப்பவர்களிடம் என் கணவர் இங்கே வேலை பார்க்கிறார் என்று நானே முதலில் சொன்னேன். இதே மாதிரி விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான், பிறகு தெரிய வருவதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளியில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

பிள்ளைகள் முன்னால் அவர் எனக்கு ‘சர்’, நான் அவருக்கு ‘மிஸ்’. தமிழில் நீ, நீங்கள் இருப்பதுபோல கிரியோலில் ‘தொ’வும் ‘ஊ’வும் இருக்கின்றன. வீட்டில் ‘தொ’ போட்டுப் பேசுகிறவர்கள் பள்ளி வாசலைத் தாண்டினதும் ‘ஊ’வுக்கு மாறுவோம். முதல் வருடம் எனக்கு இது கஷ்டமாக இருந்தது. ஒரு காலையில் வராந்தாவில், ‘தொ சாவி எங்கே?’ என்று அவரைக் கேட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பு முழுக்க ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தது.

உங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

இரண்டு பேர் இருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் அவர்களுக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார எனக்கு இன்றும் வரவில்லை. அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்கள். வாய் வரவில்லை, ‘சர்’தான்.

வீட்டுச் சண்டை பள்ளிக்கு வருமா?

வரும். வராது என்று சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன்.

எங்களிடம் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. காலை இடைவேளைக்கு வெனிலா டீ போட்டுக் கொண்டு போவேன், அவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ஒரு கப் ஊற்றிக் குடிப்பார், வழியில் வாங்கி வந்த மிளகாய் வடையில் இரண்டை என் பக்கம் தள்ளி வைப்பார். ஒரு நாள் அவர் வரவில்லை. காலையில் அவருடைய அம்மாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது என்று பேச்சு தடித்துவிட்டது. மதியம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, ‘மிஸ், சருக்கு உடம்பு சரியில்லையா? டீ குடிக்க வரவில்லையே’ என்றாள். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக அவர்கள் தினமும் பார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு நாங்கள் ஒன்று முடிவு செய்தோம். என்ன கோபம் இருந்தாலும் டீயை நிறுத்துவதில்லை. பேசாமலேகூடக் குடிப்போம். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகு யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவோம்.

பள்ளி விஷயம் வீட்டுக்கு வருமா?

எந்நேரமும். மாலை ஏழு மணிக்கு மேல் ரெக்டர் பேச்சு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம், ஒரு வாரம்தான் தாங்கியது. இப்போது விதி வைப்பதை விட்டுவிட்டோம்.

காதலித்துப் பிடிபடும் பிள்ளைகளை என்ன செய்வீர்கள்?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

யாருக்கு யார் ‘கோப்பேன்’, அதாவது காதலன் அல்லது காதலி, என்பதுதான் பிள்ளைகளுக்கு இடைவேளைப் பேச்சு. சீட்டு எழுதுகிற காலம் போய்விட்டது. எல்லாம் போனில். எங்கள் காலத்தில் ஒரு சீட்டை ஒருவர் படிப்பார், இப்போது ஒரு படத்தை ஒரே மணி நேரத்தில் பள்ளி முழுக்கப் பார்த்துவிடும். ஆகவே எங்கள் தமிழ் சர் செய்ததை அப்படியே செய்ய முடியாது. ஆனால் அவர் செய்யாமல் விட்டவற்றை நாங்களும் செய்யாமல் இருக்க முடியும். வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்த மாட்டோம். மற்றப் பிள்ளைகள் காதில் விழும்படி பேச மாட்டோம். பெண்ணை மட்டும் கூப்பிட்டுத் திட்டிவிட்டுப் பையனைச் சும்மா விடுவது கிடையவே கிடையாது, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

ஒரு முறை பதினோராம் வகுப்புப் பையனும் பெண்ணும் பள்ளி முடிந்தும் பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டு வந்து, பெற்றோரை உடனே வரவழைக்க வேண்டும் என்றார். என் கணவர், ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டால், பையன் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கும் நடந்திருக்கிறது, நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. என் கணவர் அந்த நோட்டை வாங்கித் திருத்திக் கொடுத்தார். இனிமேல் பஸ் நிலையம் வேண்டாம், பள்ளி நூலகத்தில் உட்காருங்கள், அங்கே மிஸ் இருப்பார் என்றார். ஒரு மாதம் உட்கார்ந்தார்கள். அப்புறம் அவர்களே பிரிந்துவிட்டார்கள். பெரும்பாலும் அப்படித்தான் முடியும், அதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

எதையும் மறைக்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். பயம், மிரட்டல், படம் அனுப்பச் சொல்லிக் கட்டாயம், வயதில் பெரிய ஆள் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே ரெக்டரிடம் போய்விடும், வீட்டுக்கும் போய்விடும். அதில் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை.

‘நீங்களும் அப்படித்தானே மிஸ்’ என்று பிள்ளைகள் கேட்டால்?

ஆமாம் என்று சொல்வேன். எஸ்.சி.க்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒன்பது வருடம் இருந்தது என்றும் சொல்வேன். அந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார் என் கணவர்.

‘பேசாமல் கல்யாணம் பண்ணி வைத்துவிடலாமா’ என்று கேட்கும் பெற்றோர் உண்டா?

குறைவு. ஆனால் உண்டு, ஊர் வாய்க்குப் பயந்து கேட்கிறார்கள். முன்பு பெற்றோர் சம்மதம் இருந்தால் பதினாறு வயதிலும் முடியும் என்று இருந்தது. குழந்தைகள் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு 18 வயதுக்கு முன் கல்யாணம் கிடையாது. சட்டம் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் அந்த அம்மாக்களிடம் மணிக்கணக்கில் கெஞ்ச வேண்டியிருந்தது.

உங்கள் மகளும் அங்கேதான் படிக்கிறாளா?

இல்லை, காத்ர் போர்ன் பக்கம் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில். அம்மாவும் அப்பாவும் ஒரே வராந்தாவில் நடக்கும் இடத்தில் அவளுக்கு மூச்சு விட இடம் இருக்காது. அவள் விடைத்தாளை நாங்களே திருத்தும் சங்கடமும் இல்லை.

இருவரும் சேர்ந்து லெசோன் எடுக்கலாமே?

லெசோன் என்றால் பணம் வாங்கிச் சொல்லிக் கொடுக்கும் டியூஷன். இந்தத் தீவில் அது இல்லாமல் பிள்ளை பாஸ் ஆகாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். சனிக்கிழமை அவர் வேறு பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு எடுக்கிறார். எங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளையிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை. காலையில் வகுப்பில் சொல்ல வேண்டியதை மாலையில் விற்பது என்று ஆகிவிடும், எங்களால் அது முடியாது.

இரண்டு சம்பளமும் ஒரே இடத்தை நம்பி இருக்கிறதே, பயமில்லையா?

இருக்கிறது. நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே போகிறது, மானியக் கல்லூரிகளில் பிள்ளைகள் எண்ணிக்கையும் குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் மிகுதி என்று கணக்காகும். கணக்கு ஆசிரியருக்கு எங்கேயும் இடம் இருக்கும். தமிழுக்கு அப்படி இல்லை. பதினான்கு பேர் இருந்த மாடி அறையில் இப்போது என் முன்னால் ஆறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரும், பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் போகும் வாரத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு நானே போன் செய்கிறேன். என் அப்பா போட்ட குறியைப் பற்றிச் சொல்வேன். சில வருடம் இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள்.

வீட்டில் தமிழ்தான் பேசுவீர்களா?

கிரியோல்தான். இதைச் சொன்னால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான். சாமி, சாப்பாடு, உறவுமுறை என்று சில வார்த்தைகள் வீட்டில் தங்கின, மொழியைப் பள்ளியிலும் கோயிலிலும்தான் கற்றுக்கொள்கிறோம். எனக்குத் தமிழ் வேலையோடு வந்து ஒட்டிக்கொண்டது, நாள் முழுக்க அதிலேயே இருக்கிறேன். கணக்கு வாத்தியார் மளிகைச் சீட்டு மட்டும் தமிழில் எழுதுவார். இப்போது ‘வெண்ணெய்’ என்று சரியாகவே எழுதுகிறார், ‘ண’ எங்கே வரும் என்பது அவருக்கு மறக்காது.

இருவரும் ஒரே நாளில் லீவு எடுக்க விடுவார்களா?

கஷ்டம். இரண்டு பாட வேளைகள் ஒரே நேரத்தில் காலியானால் பதில் ஆள் தேட முடியாது, நாங்களும் கேட்பதில்லை. தைப்பூசக் காவடி நாட்டுக்கே பொது விடுமுறை, அதனால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. அது வருவது ஜனவரியில் அல்லது பிப்ரவரியில், பள்ளி திறந்த கையோடு. பத்து நாள் விரதம் இருந்துகொண்டே இருவரும் பாடம் நடத்துவோம். அவர் காவடி எடுப்பார், நான் பின்னால் நடப்பேன். கோர் தெ கார்த் மலைக் கோயில் படி ஏறும்போது எங்கள் பிள்ளைகள் சிலரும் அதே வரிசையில் வேட்டியோடு வருவார்கள். மேலே போய்ச் செம்பில் பால் திரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சே. ஓய்வு பெற்ற எங்கள் தமிழ் சர் முடிகிற வருடமெல்லாம் படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இறங்கி வரும்போது இருவரும் அவர் முன்னால் நின்று வணக்கம் சொல்வோம். மறுநாள் காலை முதல் பாடவேளையே என் கணவருக்குப் பத்தாம் வகுப்பு, தொண்டை கட்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் அவர் பேசாமல் பலகையிலேயே கணக்கு போடுவார், பிள்ளைகளும் சத்தம் போடாமல் எழுதிக்கொள்வார்கள்.